ஜிகினாப் பாவாடையும் பசிக்காத விராலும்

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. ஒரு மாதமாகக் கவுச்சி சேர்க்காத வீடுகளில் அன்றைக்கு மீன் குழம்பு கொதிக்கும். பர்கூர் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டு ஏக்கர் மாந்தோப்பும், தோப்பின் ஓரத்தில் மானியத்தில் வெட்டிய பண்ணைக்குட்டையும் வைத்திருக்கும் விவசாயி ஒருவரின் வீட்டிலும் அதே எதிர்பார்ப்புதான். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் அவருடைய தம்பி மகன், இரவு ஷிப்ட் முடித்த கையோடு பஸ் ஏறி வந்திருந்தான். தோள்பையில் ஒரு டிபன் டப்பா. அதற்குள் சாப்பாடு இல்லை. அவனே கையால் செய்த ஐந்து பொய்த் தவளைகள் இருந்தன.

பெரியப்பாவுக்கு விரால் தூண்டில் புதிதல்ல. சிறு வயதிலிருந்து அவருக்குத் தெரிந்தது ஒரே முறைதான். மழை விட்ட இரவில் நெல் வயலில் தவளை பிடிப்பது, அதை உயிரோடு முள்ளில் கோத்து ஏரி ஓரத்துக் கோரைக்குள் விடுவது. தவளை துடிக்கத் துடிக்க விரால் வந்து கவ்வும். ஒரு நாள் மீனுக்கு ஆறேழு தவளையாவது செலவாகும். அது ஒரு செலவு என்று அவர் நினைத்ததே இல்லை.

செருப்பில் செய்த தவளை

பையன் செய்ததில் கடையில் வாங்கியது முள் மட்டும்தான். தேய்ந்துபோன ரப்பர் செருப்பின் குதிகால் பகுதியைக் கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டி, பிளேடால் தவளை உருவத்துக்குச் சீவியிருந்தான். நடுவே ஒரு கம்பியை நுழைத்து இரண்டு முனையையும் வளையமாக வளைத்திருந்தான். முன் வளையத்தில் தங்கூசி கட்ட வேண்டும். பின் வளையத்தில் இரட்டை முள். முள்ளின் நுனி இரண்டும் மேலே பார்த்தபடி தவளையின் முதுகோடு ஒட்டிக் கிடந்தன. அப்படி இருந்தால்தான் கோரையிலும் ஆகாயத் தாமரையிலும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். மீன் கவ்வும்போது ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும்.

அதன் பின்பக்கம்தான் கண்ணைப் பறித்தது. பொன்னிறமும் வெள்ளியுமாக ஒரு குஞ்சம். தூண்டில் போடும் பையன்கள் இதை ‘ஸ்கர்ட்’ என்கிறார்கள். பெரியம்மா பார்த்துவிட்டு, “இதென்னடா, தவளைக்கு ஜிகினாப் பாவாடை கட்டி வச்சிருக்கே” என்று சிரித்தார்.

ஜிகினாவுக்கு பர்கூரில் பஞ்சமில்லை. சேலையும் துணிமணியும் மொத்த விலைக்கு விற்கும் கடைகள் வரிசையாக இருப்பதால் ‘குட்டி சூரத்’ என்று பெயர் வாங்கிய ஊர் அது. சேலை முந்தானையில் வெட்டிப்போட்ட குஞ்சம், பார்டர் ஓரத்தில் பிரிந்த ஜரிகை நூல் என்று, குப்பைக்குப் போக வேண்டியதைப் பையன் சேர்த்து வைத்திருந்தான்.

பாவாடை கட்டும் விதம்

கட்டும் முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. இருபது, இருபத்தைந்து இழைகளைச் சேர்த்து, நுனிகள் தவளையின் தலைப்பக்கம் பார்க்கும்படி வைத்து, முள்ளின் தண்டில் பத்து சுற்று இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு இழைகளைப் பின்பக்கமாக மடக்கி, அடியில் இன்னும் இரண்டு சுற்று. முடிச்சின் மேல் ஒரு சொட்டு பசை. நேராகப் பின்பக்கம் பார்த்துக் கட்டினால் இழைகள் நனைந்த துடைப்பம் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். மடக்கிக் கட்டினால், இழுக்கும்போது மூடும், நிறுத்தும்போது குடை மாதிரி விரியும். மூடி மூடி விரிவதுதான் உயிர் இருப்பதுபோல் காட்டுகிறது.

இழை முள்ளைத் தாண்டி அரை விரல் நீளத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் மீன் நூலை மட்டும் கடித்துவிட்டு ஓடிவிடும். தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி நிறம். மழை பெய்து கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பு. சைக்கிள் டியூப்பை மெல்லிசாக நறுக்கிக் கட்டினாலே போதும். சிப்ஸ் பாக்கெட்டை நறுக்கிக் கட்டுபவர்களும் உண்டு. அது சீக்கிரம் கிழிந்து தண்ணீரில் பிளாஸ்டிக் துணுக்காக மிதக்கும் என்பதால் பையன் அதைத் தொடவில்லை.

இந்தப் பளபளப்பு கடலுக்குப் பழையது. ஓடும் படகிலிருந்து சூரையும் சீலாவும் பிடிக்கிறவர்கள் இறகும் மின்னும் இழையும் கட்டிய முள்ளை இழுத்துக்கொண்டே போவார்கள். விராலுக்கும் இது பொருந்துவதற்குக் காரணம் உண்டு. விரால் நீரில் உள்ள காற்றை மட்டும் நம்பி வாழ்வதில்லை. அடிக்கடி மேலே வந்து வெளிக்காற்றைக் குடித்துவிட்டுப் போகும். அதனால் நீர்ப்பரப்பில் அசைவது எதுவும் அதன் கவனத்துக்குத் தப்பாது. உடலின் இரு பக்கமும் ஓடும் உணர்கோடு தண்ணீரின் சிறு அதிர்வையும் அதற்குச் சொல்லிவிடும்.

பத்து நிமிடத்தில் இரண்டு

பெரியப்பா தோப்பில் கவாத்து வேலையாக இருந்தார். பையன் தனியாகக் குட்டைக்குப் போனான். வடகிழக்கு மூலையில், புல் தண்ணீரில் சாய்ந்து கிடந்த இடத்தில் தவளையைப் போட்டு, விட்டு விட்டு இழுத்தான். மூன்றாவது இழுப்பில் தண்ணீர் வெடித்தது. கிலோவுக்குக் குறையாத விரால். அதே இடத்தில் மறுபடி போட்டான். உடனே இன்னொன்று. பத்து நிமிடத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

பெரியம்மா சாம்பல் தொட்டு மீனைத் தேய்த்து, வயிற்றைக் கீறினார். இரண்டு மீனின் குடலும் ஒட்டிக் கிடந்தது. ஒரு ஜிலேபிக் குஞ்சு இல்லை, ஒரு பூச்சி இல்லை. குட்டை நிறைய இரை இருக்கும்போது இது என்ன என்று அவருக்கு ஆச்சரியம்.

“வயிறு ஒட்டிக் கிடக்குது. ஆனா கிழட்டு மீனும் இல்லே, நோவு புடிச்ச மீனும் இல்லே. தின்னாம கெடந்தது, இதை மட்டும் ஏண்டா வந்து கடிச்சுது?”

தோப்பிலிருந்து வந்த பெரியப்பா காதில் அது விழுந்தது. “எந்த மூலையிலே போட்டே?” என்று மட்டும் கேட்டார். பையன் சொன்னான். அவர் முகம் மாறியது. கை கழுவாமல் குட்டைக்கு நடந்தார். பையனும் பின்னால் போனான்.

அந்த மூலையில், ஒரு தட்டு அளவு இடத்தில், தண்ணீர் சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள். மேலே வந்து காற்றைக் குடிப்பதும் கீழே போவதுமாக இருந்தன. கீழே காவலுக்கு யாரும் இல்லை.

கடித்தது பசியால் அல்ல

விரால் மழைக்காலத்தில் ஜோடி சேரும். கரையோரப் புல்லை விலக்கி இடம் செய்து முட்டையிடும். முட்டைகள் மிதக்கும். பொரித்த குஞ்சுகள் கொஞ்ச நாளில் செந்நிறமாகி, ஒரே கூட்டமாகத் திரியும். அந்தக் கூட்டத்தின் அடியிலேயே தாயும் தகப்பனும் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் அவை சரியாக இரை எடுப்பதில்லை. ஆனால் குஞ்சுகளுக்கு மேலே எது வந்தாலும் விடாது. தவளையானாலும், பாம்பானாலும், ஜிகினா கட்டிய செருப்புத் துண்டானாலும் பாய்ந்து அடிக்கும். தூண்டில்காரருக்கு அது சுலபமான வேட்டை. மீன் கடிப்பது பிள்ளையைக் காப்பதற்கு.

அந்த விவசாயிக்கு இது வெறும் பரிதாபம் மட்டுமல்ல. இரண்டு வருடத்துக்கு முன் காசு கொடுத்து வாங்கி விட்ட விரால் குஞ்சுகள் அவை. இரையாக ஜிலேபி மீனையும் விட்டு வளர்த்தார். விரால் குஞ்சு வாங்குவது கட்லா, ரோகு குஞ்சு வாங்குவதுபோல் எளிதல்ல, விலையும் கூடுதல். அந்த வருடம்தான் முதல்முறையாக அவருடைய குட்டையிலேயே குஞ்சு பொரித்திருந்தது. இரண்டு வாரமாகக் காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கொஞ்சம் பெரிதானதும் வலைத்தொட்டியில் பிரித்து வளர்க்கலாம் என்று பழைய கொசுவலையைக்கூடத் தைத்து வைத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்ற எண்ணம்.

மறுநாள் காலையில் சிவப்புத் தட்டு உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஜிலேபியும் மற்ற விரால்களும் அடியில் இருந்து தின்றன. மீன்கொத்தியும் கொக்கும் மேலே இருந்து எடுத்தன. கொசுவலையில் அள்ளிய கொஞ்சமும் தொட்டியில் நிற்கவில்லை. வாரக் கடைசியில் அந்த மூலையில் தண்ணீர் சும்மா கிடந்தது.

குட்டையில் விரால் பொரித்தது, ஆனால் குஞ்சு மிஞ்சவில்லை என்று வருத்தப்படும் விவசாயிகள் தண்ணீரையும் தீவனத்தையும்தான் முதலில் சந்தேகப்படுகிறார்கள். அந்த நாட்களில் கரையில் யார் தூண்டில் போட்டார்கள் என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு பேரும் விட்டது

பெரியப்பா பையனைத் திட்டவில்லை. அது பையனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இரண்டு ஞாயிறு ஊருக்கே வரவில்லை. மூன்றாவது வாரம் பெரியம்மா போன் செய்து, “குழம்பு வெச்சு நாந்தானே ஊத்தினேன், நானும்தான் சாப்பிட்டேன். வாடா” என்ற பிறகுதான் வந்தான்.

வந்தவனிடம் பெரியப்பா சொன்னது இவ்வளவுதான்: “எனக்குத் தெரிஞ்சும் உங்கிட்டே சொல்லலே. அது என் தப்பு. நீ செஞ்ச தவளையிலே ஒண்ணு எனக்குக் குடு.”

அவர் அதற்குப் பிறகு உயிர்த்தவளை பிடிக்கப் போகவில்லை. ரப்பர் தவளை மீனைப் பிடிக்கிறது என்பது முதல் காரணம். இன்னொன்றைப் பையன் எடுத்துச் சொன்னான். தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987-ல் நிறுத்தியது. வயலில் பூச்சி தின்னும் தவளைகள் கூட்டம் கூட்டமாகப் பிடிக்கப்பட்டதால் எழுந்த எதிர்ப்புதான் அதற்குப் பின்னால் இருந்தது. மருந்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, கூலி வாங்காமல் பூச்சி பிடிக்கும் தவளையை முள்ளில் கோப்பது என்ன கணக்கு என்று அவருக்கே பட்டது.

பையனும் தன் பங்குக்குச் சிலவற்றை மாற்றிக்கொண்டான். முள் நுனியில் பின்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கூரை அரத்தால் தேய்த்துவிட்டான். லட்சத்தீவின் மினிக்காய்த் தீவில் கம்புத் தூண்டிலில் சூரை பிடிப்பவர்களின் முள்ளில் அந்தக் கூர் கிடையாது. மீன் சட்டென்று கழன்று படகில் விழும். ஏரி விராலுக்கும் அது உதவுகிறது. சிறு மீன் மாட்டினால் வாய் கிழியாமல் எடுத்துத் திரும்ப விடலாம். கையில் ஏறினாலும் வெளியே எடுப்பது சுலபம். அறுந்த தங்கூசியையும் துருப்பிடித்த முள்ளையும் கரையில் போடாமல் டப்பாவிலேயே எடுத்து வருகிறான். மேயும் ஆடு மாட்டின் நாக்கில் ஏறினால் வரும் வேதனை எந்த மீனுக்கும் ஈடாகாது. குத்தகைக்கு விட்ட ஏரியாக இருந்தால் குத்தகைதாரரைக் கேட்காமல் தூண்டில் எடுப்பதும் இல்லை.

தூண்டில் போடும் முன் கரையை ஒரு சுற்று நடந்து பார்ப்பது அவனுக்கு இப்போது பழக்கம். எங்கேயாவது சிவப்பாகத் தண்ணீர் கொதித்தால் அந்தப் பக்கமே போவதில்லை. குஞ்சுகளின் சிவப்பு மாறி, உடலில் கருமை ஏறி, கூட்டம் கலையும் வரை அந்த மூலை பெற்றோருடையது.

குட்டையில் விரால் வளர்க்க நினைப்பவர்கள் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையமும் இருக்கிறது. குஞ்சு பொரித்த குட்டைக்கு முதல் பாதுகாப்பை வீட்டிலேயே தொடங்கலாம். வீட்டுப் பிள்ளைகளிடமும் உறவுக்காரர்களிடமும் வாய் திறந்து சொல்லி வையுங்கள். கண் பட்டுவிடும் என்று மூடி வைத்த செய்தியால்தான் அந்தக் குட்டையில் குஞ்சு போனது.

அடுத்த வருடம் ஆவணி மழைக்குப் பிறகு அதே வடகிழக்கு மூலை மறுபடியும் சிவந்தது. அந்த ஞாயிறு பையன் டப்பாவோடு வந்தான். பெரியப்பா அவனைக் கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். இருவரும் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு.