கொல்லைக்கு வந்த வான்கோழிகள்

ஏப்ரல் நடுப்பகுதி. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கோரத்துப் பெர்க்‌ஷயர் குன்றுகள். கொல்லை முடிகிற இடத்திலேயே காடு தொடங்கிவிடுகிறது. நடுவில் எல்லை என்று சொல்லிக்கொள்ள, பாசி படிந்த கல் அடுக்குச் சுவர் ஒன்று முழங்கால் உயரத்தில் சரிந்து கிடக்கிறது.

இன்னும் விடியவில்லை. கூட்டுக்குள்ளிருந்து சேவல் கூவுகிறது. அது கூவி முடிப்பதற்குள் காட்டுக்குள் ஒரு மரத்தின் உயரத்திலிருந்து கடகடவென்று பதில் வருகிறது. மறுபடி கூவல், மறுபடி பதில். சேவலுக்குத்தான் பதில் என்றில்லை. இந்தப் பருவத்தில் காகம் கரைந்தாலும் யாராவது கார் கதவை அறைந்து சாத்தினாலும் ஆண் வான்கோழி வாய் திறந்தாக வேண்டும். யார் என்ன பேசினாலும் கடைசிப் பேச்சு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் பெரியப்பாக்களைப் போல.

கூட்டின் கதவு திறக்கிறது. ஆறு பெட்டைகளும் சேவலும் இறங்கி வருகின்றன. பெட்டைகளில் மூன்று செங்கபிலம், ரோட் ஐலண்ட் ரெட். மற்ற மூன்றும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்டவை, பிளிமத் ராக். ஒன்றுக்குப் பக்கத்து மாநிலத்தின் பெயர். இன்னொன்றுக்கு 1620-ல் ஆங்கிலேயர் வந்து குடியேறிய ஊரின் பெயர். பெயரைக் கேட்டால் மண்ணின் மைந்தர்கள். ஆனால் மூதாதையர் தென்கிழக்காசியக் காட்டுக்கோழிகள். இன்னும் சற்று நேரத்தில் கல்சுவரைத் தாண்டி வரப்போகிறவைதான் இந்த மண்ணுக்கே உரிய பறவைகள்.

அவையும் நடுவில் ஒருமுறை இல்லாமல் போயின. குடியேறியவர்கள் காட்டை வெட்டி வயலாக்கினார்கள், கண்ணில் பட்ட வான்கோழியைச் சுட்டார்கள். இந்த மாநிலத்தின் கடைசிப் பறவை 1851-ல் மவுண்ட் டாம் மலையில் கொல்லப்பட்டது. பின்னர் விவசாயம் மேற்கே நகர, கைவிட்ட வயல்களில் காடு திரும்ப வளர்ந்தது. கல்சுவர்கள் மட்டும் மரங்களுக்கு நடுவே மிஞ்சின. 1972-73-ல் நியூயார்க் மாநிலத்தில் பிடித்த 37 பறவைகளை இதே குன்றுகளில் கொண்டுவந்து விட்டார்கள். இன்று மாநிலத்தில் 30,000-க்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

இதோ வந்துவிட்டன. முதலில் இரண்டு பெட்டைகள், சத்தமில்லாமல், சருகைக் காலால் விலக்கியபடி. அவற்றின் பின்னால் ஆண். பக்கவாட்டில், கூட்டத்தில் சேர்த்தியா இல்லையா என்று தெரியாத மூன்று விடலைகள். நெஞ்சில் தொங்கும் தாடி இன்னும் விரல் நீளம்கூட வளரவில்லை.

நம் சேவல் நிமிர்கிறது. கழுத்து மயிர் சிலிர்க்கிறது. ஒரு சிறகைத் தரையில் தாழ்த்தி, பக்கவாட்டில் அரைவட்டம் போட்டு ஆடிக் காட்டுகிறது. எதிரே நிற்பதன் எடை எட்டு, பத்து கிலோ இருக்கும். சேவல் நான்கு கிலோவைத் தொட்டால் பெரிது. அதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை.

ஆண் வான்கோழியோ இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வால் விசிறியாக விரிந்து நிற்க, சிறகு நுனிகள் தரையை உரசுகின்றன. மொட்டைத் தலையில் நீலமும் வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி ஏறி இறங்குகின்றன. அலகின் மேலிருக்கும் சதைத் துண்டு நீண்டு அலகுக்குக் கீழே தொங்குகிறது. இத்தனையும் எந்தப் பெட்டைகளுக்காகவோ, அவை சென்ற ஆண்டு விழுந்த ஓக் கொட்டைகளைத் தேடிக் குனிந்தே இருக்கின்றன. பார்க்கிறவர்கள் நம் பிளிமத் ராக்குகள் மட்டும்தான், ஒற்றைக் கண்ணால், தலையைச் சாய்த்து.

விடலைகளில் ஒன்று கழுத்தை நீட்டி ஒரு கோழியைத் துரத்துகிறது. அது ஓடிக் கூட்டுக்கடியில் புகுந்துகொள்ள, துரத்தியது நிற்கிறது. அடுத்து என்ன செய்வதென்று யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. மோதல் அவ்வளவுதான்.

சிவப்புக் கோழி ஈர மண்ணைக் கிளறி மண்புழு ஒன்றை இழுக்கிறது. நாலடி தள்ளி ஒரு பெட்டை வான்கோழி இன்னொன்றை இழுக்கிறது. சிந்திய தானியத்தைச் சிப்மங்க் அணில் ஒன்று கன்னத்தில் அடைத்துக்கொண்டு கல்லிடுக்கில் மறைகிறது.

திடீரென்று சேவலிடமிருந்து மெல்லிய, நீண்ட ஒரு சீழ்க்கை. நரிக்கும் நாய்க்கும் அது போடும் கொக்கரிப்பு வேறு. இது வானத்து ஆபத்துக்கு மட்டும். கோழிகள் மஞ்சளாய்ப் பூத்திருக்கும் ஃபார்சித்தியா புதருக்குள் போய் உறைகின்றன. வான்கோழிகளும் கழுத்தை நிமிர்த்திச் சிலையாகின்றன. கூப்பர் வல்லூறு ஒன்று தாழப் பறந்து, கூரையைச் சுற்றி, வெறுங்காலோடு காட்டுக்குள் திரும்புகிறது. கோழி வளர்ப்பவர் அதன் மேல் கை வைக்க முடியாது. 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டம் குறுக்கே நிற்கிறது.

உண்மையான திருடன் இருட்டில் வருவான். ரக்கூனுக்கு முகத்தில் கறுப்புப் பட்டை, முன்னங்காலில் நம்முடையதைப் போன்ற விரல்கள். சாதாரணக் கொக்கியைத் திறக்கத் தெரியும். திறக்காவிட்டால் அறுகோணக் கண் வைத்த கோழி வலைக்குள் கையை விட்டு, கிடைத்ததை வெளியே இழுக்கும். அந்த வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர ரக்கூனை வெளியே நிறுத்தாது. அரையங்குலச் சதுரக் கம்பி வலைதான் தாங்கும். குளிர்கால உறக்கம் கலைந்து வரும் கருங்கரடிக்கு அதுவும் பொருட்டில்லை, மின்வேலி வேண்டும்.

வெயில் ஏறியதும் வான்கோழிகள் கல்சுவரைத் தாண்டிப் போகின்றன. பெரிய உடம்பைப் பார்த்து, கோழிகளுக்கு என்ன ஆகுமோ என்று வீட்டுக்காரர் கவலைப்படுவது இயல்பு. வான்கோழியிடமிருந்து கோழிக்கு நோய் வரவும் கூடும், பறவைக் காய்ச்சல் உட்பட. ஆனால் அபாயம் எதிர்த்திசையிலும் போகிறது. கோழியின் பெருங்குடல் வாயில் வாழும் ஒரு சிறு புழுவின் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி ஒளிந்திருக்கும். எச்சத்தோடு மண்ணில் விழும் அந்த முட்டை பல ஆண்டுகள் கெடாமல் கிடக்கும்; மண்புழுவின் உடலுக்குள்ளும் போய்த் தங்கும். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வான்கோழிக்கோ ஈரல் புண்ணாகி, மஞ்சளாய்க் கழிந்து, மிகப் பல செத்துவிடும். பிளாக்ஹெட் என்பது இதன் பெயர். இதைத் தடுக்கப் பண்ணை வான்கோழிகளுக்குத் தீனியில் கலந்து கொடுத்துவந்த நைட்டர்சோன் என்ற ஆர்சனிக் மருந்தும் 2015 கடைசியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

ஆகவே காட்டோரம் கோழி வைத்திருப்பவர்கள் தீனித் தொட்டியைக் கூண்டுக்குள் வைக்கட்டும், சிந்தியதை மாலைக்குள் கூட்டி அள்ளட்டும். அழகாயிருக்கிறதே என்று வான்கோழிக்குத் தானியம் வீச வேண்டாம். கொல்லைக்குள் வந்தால் கை தட்டி விரட்டுங்கள்; அதுதான் அவற்றுக்கு நல்லது.