வேடந்தாங்கலில் இரண்டு கண்ணாடிகள்

மாசி மாதத்தில் வேடந்தாங்கல் ஏரிக்குப் போயிருந்தோம். பறவைகளைச் சுடலாகாதென்று 1798-ஆம் ஆண்டிலேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கிய ஊர் அது!

நண்பர் 12 மடங்கு பெருக்கும் கனத்த பைனாகுலரைச் சுமந்து வந்திருந்தார். (விலையைச் சொன்னால் உங்களுக்கு மூர்ச்சை போட்டுவிடும்.) கண்ணில் வைத்தால், கைந்நடுக்கமும் 12 மடங்காகி, நாரையும் மரமும் சேர்ந்து நர்த்தனம் செய்தன.

என் பெண் வைத்திருந்ததோ 8 மடங்கு பெருக்கமும் 30 மில்லிமீட்டர் முன்வில்லையும் உள்ள எளிய கருவி. அரைக் கிலோ எடைதான். அந்தி மங்கலில் பெரிய வில்லை உசிதம். பட்டப்பகலில் இது தாராளம்.

கூழைக்கடாக் குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் தலையை நுழைத்து மீன் தின்பதை அவள்தான் முதலில் கண்டாள். நண்பர் மெள்ளக் கை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கள், மாமா!" என்றாள், கண்ணை எடுக்காமலே.