பின் பிரேக்கின் கீச்சுச் சத்தம்
மழைக்கு மறுநாள் காலையில் மட்டும் கீச்சென்றால் கவலை வேண்டாம். டிரம்மில் படிந்த லேசான துரு, நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். எங்கள் கார் வெயிலிலும் கத்தியது.

முன் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். டிரம் கழல அடம்பிடித்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். பல கார்களில் டிரம்மிலேயே இரண்டு மரை ஓட்டை இருக்கும். பொருத்தமான போல்ட்டை முறுக்கினால் தானாக வெளியே வரும்.

ஷூவில் கனம் இருந்தது, சிலிண்டரில் கசிவில்லை. ஷூ உரசும் பின்தகட்டு மேடுகள்தான் காய்ந்து துருவேறிக் கிடந்தன. தேய்த்துத் துடைத்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் துளியளவு தடவியதும் சத்தம் நின்றது. லைனிங்கில் கிரீஸ் படவே கூடாது.

தூசியை வாயால் ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.