வேகத்துக்கு ஓர் இடம்

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை எட்டுவதற்குச் சற்று முன்னால் வருகிறது இருங்காட்டுக்கோட்டை. தொழிற்சாலைகளும் கன்டெய்னர் லாரிகளும் நிறைந்த அந்த வட்டாரத்தில்தான் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் இருக்கிறது. 3.717 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள். 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு தனக்கென்று உருவாக்கிக்கொண்ட இந்தக் களம் 1990-இல் திறக்கப்பட்டது. தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் ஒரு சுற்றுக்கு வந்திருந்த சிறிய அணி ஒன்றுடன் வெள்ளி காலை முதல் ஞாயிறு மாலை வரை இங்கே இருந்தேன்.

இந்த அணிக்குப் பின்னால் பெரிய கம்பெனி எதுவும் இல்லை. ஒர்க் ஷாப் வைத்திருக்கும் ஒருவர்தான் உரிமையாளர், அவரே தலைமை மெக்கானிக். அவருடன் உதவிக்கு இரண்டு பையன்கள், ஓட்டுவதற்கு இரண்டு இளைஞர்கள். வண்டிகள் இரண்டும் யமஹா ஆர்15. தெருவில் தினமும் பார்க்கிற அதே 155 சிசி வண்டிதான். ஆனால் முகப்பு விளக்கு, கண்ணாடி, இண்டிகேட்டர், சைடு ஸ்டாண்டு எதுவும் அதில் இல்லை. “விழுந்தா உடையறது, குத்துறது, தரையில மாட்டுறது எல்லாத்தையும் முதல்ல கழட்டிடணும்” என்றார் உரிமையாளர். வண்டியை வேகமாக்குவது பற்றி அவர் பேசத் தொடங்கியது அதற்கு வெகுநேரம் கழித்துத்தான்.

வெள்ளி: கம்பியும் தண்ணீரும்

களத்தில் இறங்கும் முன் ஒவ்வொரு வண்டியும் ஸ்க்ரூட்டினி எனும் சோதனையைத் தாண்ட வேண்டும். அதிகாரி முதலில் குனிந்து பார்த்தது இன்ஜினின் அடிப்பாகத்தை. ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையில் ஒரு சிறு துளை. அதன் வழியே மெல்லிய கம்பியைக் கோத்து, முறுக்கி, பக்கத்தில் அசையாத ஒரு பாகத்தோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். இதைத்தான் லாக் வயர் என்கிறார்கள். அதிர்வில் போல்ட் கழன்றால் உள்ளே இருக்கும் ஆயில் தார்மீது கொட்டும். அதில் முதலில் வழுக்குவது பின்சக்கரமென்றாலும், அடிபடுவது அந்த வண்டியை ஓட்டுபவர் மட்டுமாக இருக்காது. பின்னால் வருகிறவர்களும் விழக்கூடும். கம்பி மட்டும் போதாது. ஒழுகினால் தாங்கிப் பிடிக்க இன்ஜினுக்குக் கீழே ஒரு தட்டும் இருக்க வேண்டும்.

ரேடியேட்டரில் கூலன்ட் கிடையாது, வெறும் தண்ணீர்தான். கூலன்டில் உள்ள கிளைக்கால் சிந்தினால் வழுவழுப்பாகப் படிந்து சீக்கிரம் காயாது. தண்ணீர் வெயிலில் காய்ந்துவிடும். பிரேக், கிளட்ச் லீவர்களின் முனைகள் உருண்டையாக இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தார்கள். கூர்முனை உடம்பில் ஏறிவிடக் கூடாது. ஹெல்மெட்டின் தாடைப் பட்டி, முதுகுக் காப்பு, ஒரே உடுப்பாகத் தைத்த தோல் சூட், கையுறை, பூட்ஸ் என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள்.

எங்கள் அணியின் இரண்டாவது வண்டிக்கு, சோதனையில் தேறியதற்கான ஸ்டிக்கர் கிடைக்கவில்லை. ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி ஆக்ஸிலரேட்டரை விட்டபோது அது உடனே மூடிக்கொள்ளவில்லை. கேபிள் எங்கோ இறுகியிருந்தது. யாரும் வாதாடவில்லை. டேங்கைக் கழற்றி, கேபிளை வேறு வழியாக எடுத்து, மறுபடி வரிசையில் நின்றார்கள். இந்த ஒழுங்கை நம் சாலையில் ஓடும் வண்டிகளில் பாதியிலாவது பார்க்க மாட்டோமா என்று ஏங்கினேன்.

சனி: பேசத் தெரிந்த ஓட்டுநர்

தகுதிச் சுற்றில் சில லேப்கள் ஓடியதும், ஓட்டுபவர்கள் இருவரில் மூத்த பையன், அணி வண்டியைக் கவனிக்கும் பிட்டுக்குள் வந்தான். வண்டி ஸ்டாண்டில் ஏறும் முன்பே உரையாடல் தொடங்கிவிட்டது.

“சி1-ல முன்னாடி லேசா விடுதுண்ணா.”

“பிரேக்ல இருக்கும்போதா, விட்ட பிறகா?”

“விட்ட பிறகு. சாய்ச்சப்புறம்.”

“ஒவ்வொரு லேப்பும் அப்படியா?”

“முதல் ரெண்டு லேப் இல்ல. சூடானதும்தான்.”

சி1 என்றால் முதல் வளைவு. அந்த ஐந்து வரியில் வைத்தியம் இருந்தது. டயர் சூடாகும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறும். ஏறினால் டயர் விறைத்து, தரையைத் தொடும் பரப்பு குறையும். மெக்கானிக் கேஜை வைத்து முன்டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினார். பிறகு நோட்டுப் புத்தகத்தில் நேரம், வெயிலின் அளவு, அழுத்தம் மூன்றையும் எழுதினார். தனக்கு என்ன நேர்ந்தது, எந்த நொடியில் நேர்ந்தது என்று பிசகாமல் சொல்லத் தெரிந்தவனே இங்கே நல்ல ஓட்டுநர். பயமே இல்லை என்று சொல்லிக்கொள்பவனை எந்த அணியும் விரும்புவதில்லை.

ஞாயிறு: ஒரு விழுதல்

பந்தயத்தின் நடுவில் இளைய பையன் விழுந்தான். வளைவுக்குள் நுழையும்போது முன்டயர் பிடி தளர்ந்தது. வண்டி சாய்ந்த பக்கமே படுத்துச் சறுக்கியது. இதற்கு லோசைடு என்று பெயர். பின்டயர் வழுக்கி, சட்டென்று மீண்டும் பிடித்து, ஆளை மறுபுறம் தூக்கி எறிவது ஹைசைடு, அதுதான் கொடியது. பையன் தோல் சூட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு போய், வளைவுக்கு வெளியே இருந்த காலி நிலத்தில் நின்றான். அவன் போன வழியில் சுவரோ கம்பமோ இல்லை, எதிரே வரும் வண்டியும் இல்லை. அவன் நிற்பதற்குள் மஞ்சள் கொடி அசைந்தது. அந்த இடத்தில் யாரும் யாரையும் முந்தக் கூடாது என்பது அதன் பொருள். களத்தோரம் காவலுக்கு நிற்கும் மார்ஷல்கள் ஓடினார்கள். அவன் எழுந்து நடந்தபோதும் விடவில்லை. மருத்துவர் பார்த்துச் சம்மதித்த பிறகே அணியிடம் அனுப்பினார்கள். தரையில் மோதிய ஹெல்மெட்டை உரிமையாளர் அப்போதே ஓரமாக எடுத்து வைத்தார். அது இனிப் பந்தயத்துக்கு ஆகாது.

இத்தனை ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. 2023 ஆகஸ்டில் இதே களத்தில் தேசியப் போட்டி ஒன்றில் 13 வயதுச் சிறுவன் விழுந்து உயிரிழந்தான். அந்த வார இறுதியின் மற்ற பந்தயங்கள் ரத்தாயின. எந்த வயதில் பிள்ளைகளைக் களத்தில் இறக்கலாம் என்ற கேள்வியை அந்த மரணம் கேட்டது. விளையாட்டை நேசிப்பவர்கள் அந்தக் கேள்வியிலிருந்து நழுவக் கூடாது. ஆபத்து இல்லாத பந்தயம் கிடையாது. ஆபத்தை ஒப்புக்கொண்டு அதற்கு எதிராக ஒவ்வொரு போல்ட்டாகக் கட்டுவதுதான் இங்கே மூன்று நாளும் நடந்த வேலை.

மூத்த பையன் ஏழாவதாக வந்தான். கோப்பை இல்லை. ஆனாலும் தன் முந்தைய சிறந்த லேப் நேரத்தைக் குறைத்திருந்தான். நோட்டுப் புத்தகத்தில் அந்த எண்ணுக்குக் கீழே மெக்கானிக் இரண்டு கோடு போட்டார். இருட்டுவதற்குள் வண்டிகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கட்டினார்கள். மறுநாள் காலை ஒர்க் ஷாப் திறக்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு நேரத்தில் பந்தயம் விடும் தம்பிகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். அங்கே லாக் வயர் கட்டிய போல்ட் இல்லை, மஞ்சள் கொடி இல்லை, ஓடிவர மார்ஷல் இல்லை. நடுவில் தடுப்புச்சுவர் இருக்கிறது. வேலை முடித்து டிவிஎஸ் எக்ஸெல்லில் வீடு திரும்பும் யாரோ ஒருவரும் இருக்கிறார். அவர் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுத்தவரல்ல. பொதுச்சாலையில் பந்தயம் விட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். உயிரோடு ஒப்பிட்டால் அந்தத் தண்டனை சிறியது.

வேகம் பிடித்திருந்தால் இருங்காட்டுக்கோட்டைக்கு வாருங்கள், அல்லது கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போங்கள். பயிற்சி எடுங்கள், உரிமம் வாங்குங்கள், ஸ்க்ரூட்டினி வரிசையில் நில்லுங்கள். பெற்றோரே, பிள்ளைக்கு வண்டி வாங்கித் தரும் முன் ஒரு வெள்ளிக்கிழமை அவனை இங்கே அழைத்து வந்து அந்தச் சோதனையைக் காட்டுங்கள். வேகம் எவ்வளவு பொறுமை கேட்கிறது என்று அவன் கண்ணால் பார்க்கட்டும்.