பாதியில் நின்ற வேலை

எங்கள் வீட்டு மடிக்கணினிக்கு வயதாகிவிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படித்த என் பெரியம்மா மகளுக்குக் கிடைத்தது அது. அப்போது அதில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்ததாம். பாஸுக்கு அடிப்படை 'டெபியன்' லினக்ஸ். 1993-இல் இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் தொடங்கியது. அந்த டெபியனையே நிறுவி, அக்கா என்னிடம் கொடுத்தார்.

தினமும் மாலையில் தாத்தா தம் மயிலாப்பூர் இளமைக் கதையைச் சொல்வார். நான் அதில் தட்டெழுதுவேன். நாற்பது பக்கங்கள் சேர்ந்திருந்தன.

"வாரா வாரம் 'சூடோ ஆப்ட் அப்டேட்', அப்புறம் 'சூடோ ஆப்ட் அப்கிரேட்' போடு. நடுவுல மட்டும் நிறுத்திடாதே" என்பது அக்காவின் கட்டளை. நானோ நான்கு மாதம் சோம்பியிருந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை மாலை தொடங்கினேன். வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. தி.நகர் போக அம்மா வாசலில் நின்று கூப்பிட்டார். எங்கிருந்துதான் அந்த அவசரம் வந்ததோ! ஒயரைப் பிடுங்கிவிட்டேன். பேட்டரி எப்போதோ செத்துப்போனது; கணினி உடனே அணைந்தது.

திரும்பி வந்து பார்த்தால், கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள்! எனக்கு நெஞ்சு படபடத்தது. "பரீட்சை இருக்கு தாத்தா" என்று இரண்டு நாள் பொய் சொன்னேன். மூன்றாம் நாள் அவர், "நான் சொன்னதெல்லாம் சலிச்சுப்போச்சா, கண்ணு?" என்று கேட்டார். அதற்குமேல் தாங்கவில்லை. அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அன்றிரவே அடையாற்றிலிருந்து அக்கா வந்தார். திட்டவில்லை, விளக்கினார். "மளிகைக் கடை மாதிரிதான். 'அப்டேட்' எதையும் மாத்தாது. எதெது புதுசா வந்திருக்குன்னு பட்டியல் மட்டும் வாங்கிவரும். பட்டியல்ல டெபியனோட டிஜிட்டல் கையொப்பம் இருக்கான்னும் பார்க்கும். 'அப்கிரேட்'தான் சாமானைக் கொண்டுவந்து அடுக்கும். ஒண்ணுக்கு இன்னொண்ணு தேவைன்னா அதையும் சேர்த்தே கொண்டுவரும். நீ அடுக்கும்போது விளக்கை அணைச்சிட்டே!"

பிறகு, 'சூடோ டி.பி.கே.ஜி. --கான்ஃபிகர் -ஏ' என்று தட்டினார். எந்தெந்தப் பொதி பாதியில் நிற்கிறது என்பதை அந்தக் கருவி தன் கணக்கில் குறித்து வைத்திருந்ததாம்! விட்ட இடத்திலிருந்து ஒவ்வொன்றாக முடித்தது. அக்கா மீண்டும் 'அப்கிரேட்' போட்டார். முடியும் வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

தாத்தாவின் நாற்பது பக்கங்களும் பத்திரமாக இருந்தன. புதுப்பிக்கும் கருவி கணினியின் மென்பொருள்களைத்தான் மாற்றுமாம். நாம் எழுதி வைத்த கோப்புகளைத் தொடாதாம். ஆனாலும் வேறிடத்தில் ஒரு நகல் வைத்துக்கொள்ள அன்றே பழகிக்கொண்டேன்.

தோழியரே, புதுப்பித்தலைத் தள்ளிப்போடாதீர்கள். அதன் வழியாகத்தான் பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்கள் வந்து சேர்கின்றன. தொடங்கினால் முடியும் வரை பொறுத்திருங்கள். நான் கற்ற பாடம் இன்னொன்றும் உண்டு. பாதியில் நின்றதை அந்தக் கருவி ஒளிக்காமல் எழுதி வைத்தது. அதனால் சரிசெய்ய முடிந்தது. ஒளித்தது நான் மட்டுமே.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் வரிகள் ஓடி முடியும் வரை தாத்தாவும் என்னருகில் உட்கார்ந்திருக்கிறார். நாற்பத்தொன்றாம் பக்கத்தை அதன் பிறகுதான் தொடங்குகிறோம்.