சைக்கிள் பாசமும் பங்கு விலையும்

அம்பத்தூர்க்காரர்களுக்கு டி.ஐ. என்றாலே சைக்கிள்தான். 1949-ல் தொடங்கிய நிறுவனம்; அதன் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் ஓடாத தெரு அங்கே ஏது? அந்தப் பாசத்திலேயே டி.ஐ. எனப்படும் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் பங்கை வாங்கிவிடுகிறவர்கள் உண்டு.

வாங்கும் முன் அதன் இணையதளத்தில் ஆண்டறிக்கையைத் திறந்தால் காட்சியே வேறு. எஃகுக் குழாய், செயின், மின்சார ஆட்டோ என்று தொழில் விரிகிறது. சைக்கிள் அதில் ஒரு பகுதி மட்டுமே. 2020-ல் வாங்கிய சி.ஜி. பவர் என்ற நிறுவனமும் சேர்ந்திருக்கிறது.

அந்த சி.ஜி. பவரின் கதையைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். கைமாறுவதற்கு முந்தைய ஆண்டு, 2019 ஆகஸ்டில், முந்தைய கணக்குகளில் கடன்கள் குறைத்துக் காட்டப்பட்டிருப்பதாக அதன் இயக்குநர் குழுவே பங்குச் சந்தைக்குத் தெரிவித்தது. இணையதள முகப்புப் பக்கத்தின் பளபளப்பான படங்கள் இப்படிப்பட்ட சேதியை ஒருநாளும் சொல்லாது.

பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2015 விதிகளின்படி, பட்டியலிட்ட நிறுவனங்கள் நிதிநிலை முடிவுகளையும் பங்குதாரர் விவரத்தையும் தங்கள் இணையதளத்தில் வைத்தே ஆக வேண்டும். 'இன்வெஸ்டர்ஸ்' பகுதியில் அவை கிடைக்கும். புரமோட்டர்கள் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறார்களா, குழும நிறுவனங்களுக்கு எவ்வளவு பணம் போயிருக்கிறது, ஆடிட்டர் என்ன ஆட்சேபம் எழுப்பியிருக்கிறார் என்று தேட வேண்டும். ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்துக் குறிப்புகளில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கிறது.