குழுவுக்கு ஒரு பாட்டு

வாஷிங்டனின் பங்க் இசை நிறுவனமான டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் 2002இல் தன் இருபது வருட உழைப்பை ஒரு பெட்டியில் அடைத்து விற்றது. மூன்று சிடி, 73 பாடல்கள், புகைப்படங்களோடு ஒரு தடித்த புத்தகம். ‘இருபது வருட டிஸ்கார்ட்’ என்பதுதான் பெயர். முதல் இரண்டு சிடிகளில் ஐம்பது குழுக்கள், குழுவுக்கு ஒரு பாட்டு. உலகமெல்லாம் ரசிகர்கள் இருந்த ஃபுகாசிக்கும் ஒன்று. ஓர் ஏழங்குல இசைத்தட்டைப் போட்டுவிட்டுக் கலைந்துபோன பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கும் ஒன்று. வேறு கம்பெனியாக இருந்தால் விற்பனைக் கணக்கைப் பார்த்து ஃபுகாசிக்குப் பாதி பெட்டியை ஒதுக்கியிருப்பார்கள். எனக்கு இந்தப் பங்கீடு பிடித்திருந்தது. மூன்றாவது சிடி அதுவரை வெளிவராதவற்றின் தொகுப்பு. அதை நான் அவ்வளவாகக் கேட்பதில்லை.

இந்தப் பாடல்களில் பலவற்றை நான் முதலில் பார்த்தது காகிதத்தில்தான். சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. எண்பதுகளின் கடைசியில் படிக்கப் போன வாஷிங்டனில், செலவுக்கு இரவு நேர ஜெராக்ஸ் கடை வேலை. மவுண்ட் பிளசன்ட் பகுதியில் வாடகை குறைவு என்று அங்கே ஓர் அறை. எல் சால்வடோர் உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்தவர்கள், பல தலைமுறைக் கறுப்பினக் குடும்பங்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து வீடெடுத்திருந்த பங்க் பையன்கள், பெண்கள் என்று எல்லோரும் அந்த ஒரே தெருவில்தான் மளிகை வாங்கினோம்.

அந்தப் பங்க் பிள்ளைகள் கச்சேரி நோட்டீஸை நகலெடுக்க நடுராத்திரிக்கு மேல் கடைக்கு வருவார்கள். செய்தித்தாளில் வெட்டிய படம், தட்டச்சு செய்த வரி, கையால் எழுதிய தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் ஒட்டியிருப்பார்கள். நாங்கள் பேஸ்டிங் என்போமே, அதேதான். வெட்டிய ஓரமெல்லாம் ஜெராக்ஸில் கறுப்புக் கோடாக விழும். ஒயிட்னரை எடுத்துக் கோடுகளை மறைக்கப் போனால் தடுத்துவிடுவார்கள். கோடு இருக்கட்டும், அதுதான் அழகாம். எங்கள் அப்பா கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். தாளின் அடியில் பெரும்பாலும் இரண்டே தகவல்: நுழைவு ஐந்து டாலர், எல்லா வயதினரும் வரலாம்.

ஒருநாள் அவர்களில் ஒருவன் டீன் ஐடில்ஸ் குழுவின் இசைத்தட்டைக் கொண்டுவந்து காட்டினான். டிஸ்கார்டின் முதல் வெளியீடு. நான் பாட்டைக் கேட்கும் முன்னே உறையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மடிப்பு ஒரு நூல் விலகியிருந்தது. ஓரத்தில் பசை வழிந்து மஞ்சளாகக் காய்ந்திருந்தது. எந்திரத்தில் மடித்த உறை இப்படி இருக்காது. அவன் சொன்ன கதை இது. 1980இல் அந்தக் குழு கலையும்போது, கச்சேரிகளில் சேர்ந்த அறுநூறு டாலர் போலக் கையில் இருந்தது. பங்கு பிரித்துக்கொள்ளாமல் தட்டு போட்டார்கள், ஆயிரம் பிரதி. உறை செய்யத் தெரியாது. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தட்டின் உறையைப் பிரித்து விரித்து, அதன் மேல் கோடு வரைந்து அளவெடுத்தார்கள். நண்பர்களைக் கூட்டி உட்காரவைத்து வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். தட்டு விற்ற பணத்தில் அடுத்த குழுவின் தட்டு வந்தது. இயன் மெக்கே, ஜெஃப் நெல்சன் என்ற இரண்டு இளைஞர்கள் ஆர்லிங்டனில் ஒரு வாடகை வீட்டிலிருந்து இதை நடத்தினார்கள். ஒலிப்பதிவு பெரும்பாலும் டான் ஸியென்டாராவின் இன்னர் இயர் ஸ்டுடியோவில். தொடக்கத்தில் அது அவர் வீட்டின் நிலவறைதான்.

ஒப்பந்தப் பத்திரம் கிடையாது என்றபோது நான் நம்பவில்லை. செலவு போக மிஞ்சுவதில் குழுவுக்கும் கம்பெனிக்கும் பங்கு, வாய்ப்பேச்சுதான். நம் சிற்றிதழ்க்காரர்கள் கைக்காசைப் போட்டுப் பத்திரிகை நடத்திய கதையெல்லாம் எனக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலோர் கடன்பட்டு நின்றுபோனார்கள். இவர்கள் நிற்கவில்லை. அதற்குக் காரணம் இசை மட்டுமல்ல, ஒழுங்கான கணக்கு நோட்டு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கச்சேரிகள் பல நடந்த வில்சன் சென்டர் எங்கள் அறையிலிருந்து நடக்கும் தூரம். ஒருகாலத்தில் ஜனாதிபதி உட்ரோ வில்சன் வழிபட வந்த தேவாலயம் அது. எண்பதுகளில் மத்திய அமெரிக்க அகதிகளுக்கு உதவும் அமைப்புகள் அங்கே இயங்கின. 1987 செப்டம்பரில் ஃபுகாசி முதல் கச்சேரி செய்ததும் அங்கேதான். நான் பார்த்தது பிந்தைய கச்சேரிகளை. கூட்டத்தில் எவனாவது மற்றவர்களை முட்டித் தள்ளினால், ஃபுகாசியில் பாடிய மெக்கே பாட்டை நிறுத்திவிடுவார். மரியாதையாகத்தான் பேசுவார். கேட்காவிட்டால் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். 1991 ஜனவரி 12 அன்று, வளைகுடாப் போர் தொடங்கச் சில நாட்கள் இருக்கையில், வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் பூங்காவில் அதே குழு போரை எதிர்த்து வாசித்தது. எலும்பைத் துளைக்கும் குளிர். சில நாளில் குண்டு விழத்தான் செய்தது. அதைப் பாட்டு நிறுத்தும் என்று அங்கே நின்ற யாரும் எண்ணியதாகவும் எனக்குப் படவில்லை.

அதே ஆண்டு மே 5, ஞாயிற்றுக்கிழமை. பொது இடத்தில் குடித்ததற்காகச் சிலரைப் பிடிக்க வந்த பெண் போலீஸ் ஒருவர், எங்கள் வட்டாரத்தில் ஒரு சால்வடோர்க்காரரை மார்பில் சுட்டார். அவர் கத்தியோடு பாய்ந்தார் என்றது போலீஸ். கையில் விலங்கு போட்டிருந்தது என்றார்கள் அக்கம்பக்கத்தார். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்று மாலை ‘கொன்றுவிட்டார்கள்’ என்ற சேதிதான் தெருவெங்கும் ஓடியது. அன்றிரவு போலீஸ் கார்கள் எரிந்தன, கடைகள் உடைந்தன. கண்ணீர்ப் புகை மூடிய ஜன்னல் வழியாகவும் உள்ளே வந்தது. பக்கத்து அறையில் ஒரு சால்வடோர் சமையற்காரர் இருந்தார். வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை அவர். நேரே போய்க் குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தார். “முதலில் தண்ணீரைத்தான் நிறுத்துவார்கள்” என்றார். தண்ணீர் நிற்கவில்லை. மறுநாள் மேயர் ஷேரன் பிராட் டிக்சன் இரவு ஊரடங்கு அறிவித்தார்; ஆயிரம் போலீஸ் இறங்கியது. அந்தப் போலீஸாரில் ஸ்பானிஷ் பேசத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். பாதித் தெருவுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு தெரியாது. கலவரத்துக்கு வேறு விளக்கம் தேடத் தேவையில்லை.

பேப்பரில் பார்த்துவிட்டு ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து அப்பா கூப்பிட்டார். “என்னய்யா, நீ இருக்கிற தெருவுலயா தீ வச்சிருக்காங்க?”

“இல்லப்பா, ரொம்பத் தள்ளி.”

இரண்டு வாரம் கழித்து ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தமிழ்நாட்டில் கல்வீச்சு, தீவைப்பு என்று சேதி வந்தது. இப்போது லைன் கிடைக்காமல் தவிப்பது என் முறை. கிடைத்தபோது அப்பாவும் அதையே சொன்னார்: “நம்ம பக்கம் ஒண்ணுமில்லய்யா.”

கலவரம் ஓய்ந்த வாரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு வந்த தாள்கள் வேறு மாதிரி இருந்தன. கைதானவர்களுக்கு எங்கே இலவச வக்கீல் கிடைப்பார், காவல்துறையோடு பேசும் கூட்டம் எப்போது என்றெல்லாம் ஸ்பானிஷில் அச்சான நோட்டீஸ்கள். தட்டச்சு எந்திரத்தில் ஸ்பானிஷ் எழுத்து இல்லாததால் ‘என்’ தலைமேல் வரும் அலைக்கோட்டைப் பேனாவால் போட்டிருந்தார்கள். கொண்டுவந்தவர்களில் இரண்டு முகங்கள் பழையவை, கச்சேரி நோட்டீஸோடு வருபவர்கள். இந்த முறை ஓரத்துக் கோடுகளை ஒயிட்னரால் மறைக்கச் சொன்னார்கள். படிப்பவருக்குத் தெளிவாக இருக்க வேண்டுமாம்.

அந்தத் தாள்கள் டிஸ்கார்ட் பெட்டிக்குள் இல்லை. இருக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை; அது ஓர் இசை நிறுவனத்தின் தொகுப்பு, ஊர் வரலாறு அல்ல. ஆனால் ஊரடங்கில் கிடந்த தெருவில் அந்தப் பிள்ளைகள் செய்ததைச் சொல்லாமல் அவர்களுடைய பாட்டை மட்டும் கேட்பவர், பாதியைத்தான் கேட்கிறார். கோபம் யாருக்கும் வரும், கத்திப் பாடவும் முடியும். ஐந்து டாலரில் நிறுத்திக்கொள்வதும், உறையைத் தானே மடிப்பதும், அடுத்த தெருக்காரரின் நோட்டீஸுக்காக வரிசையில் நிற்பதும் அவ்வளவு எளிதல்ல.

வாஷிங்டன் பொது நூலகம் 2014இல் பங்க் இசைக்கென்றே ஓர் ஆவணப் பிரிவைத் தொடங்கியது. மார்ட்டின் லூதர் கிங் நினைவு நூலகத்தில் பழைய கச்சேரி நோட்டீஸ்களையும் கையெழுத்துப் பத்திரிகைகளையும் யாரும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். நம் ஊரிலும் வீதி நாடக நோட்டீஸ், போராட்டத் துண்டறிக்கை, நாலு இதழோடு நின்ற சிற்றிதழ் என்று பரணில் வைத்திருப்பவர்கள் உண்டு. பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடும் முன் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.